எந்த ஊர் ஆட்டக்காரர்?

கிரிக்கெட்டைப் பற்றி ஒரு நாவலாசிரியன் எழுதப் புகுந்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்; தெரியாதவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள். இரண்டு அபாயங்களையும் அறிந்தேதான் எழுதுகிறேன். காரணம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அன்றிரவு பதில் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். பிறகு வீடு திரும்பிப் பழைய கதைகளைப் புரட்டிக்கொண்டே போனதில், 1934-ஆம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போய் நின்றேன்.

கேள்வி கேட்கப்பட்ட நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். 2025 ஜூலை 6-ஆம் தேதி. என் நண்பர் ஒருவர் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் ஜாப் ஒர்க் கம்பெனி நடத்துகிறார். கம்பெனி என்றதும் பிரமாதமாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பவர் டேபிள், நாலு ஓவர்லாக், ஒரு செக்கிங் மேஜை, இரண்டு அயர்ன் டேபிள், ஒரு சாமி படம், அவ்வளவுதான். ஞாயிறு விடுமுறை நாள். ஆனால் மறுநாள் சரக்கு போயாக வேண்டும் என்று கெடுபிடி. ஆகவே அன்றும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணி மூட்டைகளுக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அயர்ன் டேபிளில் நின்ற பையனுக்கு ஊர் பீஹார். அவன் தன் கைப்பேசியை ஒரு அட்டைப் பெட்டிமேல் சாய்த்துவைத்து, தேய்ப்பதும் பார்ப்பதுமாக இருந்தான். திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தில் நடந்த டி.என்.பி.எல். இறுதி ஆட்டம் அது. திருப்பூர் தமிழன்ஸ் என்ற கோஷ்டியும் திண்டுக்கல் கோஷ்டியும் மோதின. திருப்பூர் 220 ரன் குவித்தது. திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. கடைசி விக்கெட் விழுந்ததும் பையன் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கிக் குதித்தான்.

"நம்மூரு ஜெயிச்சாச்சு!"

நண்பர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்க நாலு எழுத்து எழுதறவிக. சொல்லுங்க பார்க்கலாம். இந்தப் பதினொரு பேர்ல நம்மூருக்காரன் எத்தனை பேருங்க? இந்த சீசன்ல இவிங்க திருப்பூர்ல ஒரு ஆட்டம் ஆடியிருக்காங்களா? அந்தக் கோயமுத்தூர்ல ஆடினாங்க, சேலத்துல ஆடினாங்க. அப்புறம் எப்படீங்க இது நம்மூரு டீமு?" என்றார்.

கேள்வி நியாயமானது. அந்தக் கோஷ்டி முன்பு காரைக்குடியின் பெயரில் ஆடிக்கொண்டிருந்தது. 2021 சீசனிலிருந்துதான் அது திருப்பூர் ஆயிற்று. அன்று 77 ரன் அடித்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவரின் பெயர் துஷார் ரஹேஜா. தமிழ்நாட்டுக்காக ஆடுகிறவர்; பெயரை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில் சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே இதே திண்டுக்கல்லைத் திருப்பூர் ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆட்டமும் கோயம்புத்தூரில்தான். எல்லாம் வாஸ்தவம். ஆனால் அயர்ன் டேபிள் பையன் குதித்ததும் வாஸ்தவந்தானே? அவன் நடித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஊர்ப் பெயரால் ஒரு கோஷ்டி கட்டுவதும், அந்த ஊரில் இருக்கிறவர்கள் அதற்காகக் கைதட்டுவதும் ஏதோ ஆதிகாலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று நாம் நினைக்கிறோம். நம் தேசத்துக் கிரிக்கெட்டில் அப்படி அல்ல. தொண்ணூறு வருஷங்களுக்கு முன்வரை பெரிய ஆட்டம் என்றால் பம்பாயில் நடந்த ஆட்டந்தான். அங்கே ஒருவன் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. என்ன மதம் என்றுதான் கேட்டார்கள்.

முதலில் பார்ஸிகள் ஐரோப்பியரோடு ஆடினார்கள். பிறகு ஹிந்துக்கள் சேர்ந்தார்கள். 1912-இல் முஸ்லிம்களும் சேர்ந்து நாலு கோஷ்டிப் போட்டி ஆயிற்று. 1937-இல், 'மற்றவர்கள்' என்ற அழகான பெயரில் ஐந்தாவதாக ஒரு கோஷ்டி முளைத்தது. இந்தியக் கிறிஸ்தவர்களும், மேற்படி நாலு பெட்டிகளில் எதிலும் அடங்காதவர்களும் அதில் ஆடினார்கள். விஜய் ஹஸாரே கிறிஸ்தவர். ஆகவே அவர் 'மற்றவர்'. 1943-ஆம் வருஷப் போட்டியில் ஹிந்துக்களுக்கு எதிராக அவர் கோஷ்டி ஒரு இன்னிங்ஸில் எடுத்த 387 ரன்னில் 309 அவர் ஒருவரே அடித்தது. இப்படிப்பட்ட மனிதரை 'மற்றவர்' என்று எழுதிவைத்த பட்டியலை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. முழுச் சிரிப்பு அல்ல.

ஹிந்துக் கோஷ்டிக்குள் மட்டும் எல்லாம் சமமாக இருந்ததா? பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். 1911-இல் இங்கிலாந்து போய், அந்த ஒரு பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டு வந்தவர். அவர் பிறந்தது தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட ஜாதியில். பூனாவில் அவர் வீசிய பந்தைத் தொட்டு எறிந்த சக ஆட்டக்காரர்கள், இடைவேளையில் அவருக்குத் தேநீரை வெளியே தனியாக மண்குவளையில் கொடுத்தார்கள். பந்துக்குத் தீட்டு இல்லை, கோப்பைக்கு உண்டு! எத்தனை விக்கெட் எடுத்தும் தலைமைப் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. கடைசியில் 1923-இல் அவருடைய தம்பி விட்டல்தான் ஹிந்துக்களின் தலைவரானார்.

நம் சென்னையில் மதச் சண்டை இல்லை. நிறச் சண்டை இருந்தது. சேப்பாக்கம் மைதானம் ஐரோப்பியர் கிளப்பின் சொத்து. பெவிலியனுக்குள் இந்தியருக்கு இடம் கிடையாது; மரநிழல்தான். இதைப் பார்த்து மனம் கொதித்த புச்சிபாபு நாயுடு 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்தினார். வெள்ளைக்காரரும் இந்தியரும் சரிக்குச் சரியாக மோதும் ஆட்டம் ஒன்று நடக்க வேண்டும் என்று பாடுபட்டு அதையும் சாதித்தார். ஆனால் 1908-இல் அந்த முதல் ஆட்டம் நடக்கவிருந்த தறுவாயில் அவர் காலமாகிவிட்டார். பிற்காலத்தில் வருஷா வருஷம் பொங்கல் சமயத்தில் அந்த ஆட்டம் நடந்தது. கரும்பு வாங்கிக்கொண்டு நேரே சேப்பாக்கம் போன தலைமுறை ஒன்று சென்னையில் இருந்தது. ஆனால் அங்கேயும் மைதானத்தில் நின்றது இரண்டு நிறங்கள். சென்னை என்ற ஊர் அல்ல.

1934-க்கு வருவோம்.

அந்த வருஷம் நம் கொங்குச் சீமை எப்படி இருந்தது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வது நல்லது. திருப்பூரில் கொடியோடு குமரன் அடிபட்டு விழுந்து இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிப்ரவரியில் காந்திஜி ஹரிஜன யாத்திரையாகக் கோவை ஜில்லாவுக்கு வந்து போயிருந்தார். முதல் பனியன் தொழிற்சாலை 1925-இல் திருப்பூரில் வந்தது என்பார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்த காலம். பஞ்சுப் பேட்டையாகப் பெயர் வாங்கிய ஊர், பின்னலாடை ஊராக மாறப்போகிறது என்று அப்போது சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஜூலையில் சிம்லாவில் கிரிக்கெட் போர்டார் கூடினார்கள். மாகாணங்களுக்கிடையே ஒரு தேசியப் போட்டி வேண்டும் என்று அந்தோணி டி மெல்லோ யோசனை சொன்னார். பாட்டியாலா மஹாராஜா பூபிந்தர் சிங் உடனே எழுந்து, ஐந்நூறு பவுன் பெறுமானமுள்ள தங்கக் கோப்பை தருகிறேன் என்றார். முந்தின வருஷம் மறைந்த ரஞ்ஜித்சிங்ஜியின் பெயரை அதற்குச் சூட்டுவது என்று ஏற்பாடு. இதற்குள் விஜயநகரத்து ராஜகுமாரர், வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் வேறொரு கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்! தங்கக் கோப்பைகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து நின்ற தேசத்தில், ஆடுகிறவனுக்குச் சம்பளம் என்ன என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இறுதியில் ரஞ்ஜியின் பெயரே நிலைத்தது. விஜயநகரத்தார் மீண்டும் இந்தக் கதையில் வருவார். அவரை அவ்வளவு சுலபமாக விலக்கிவிட முடியாது.

அந்தப் புதுப் போட்டியின் முதல் சீசனில், முதல் ஆட்டம், 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடந்தது. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னையும் மைசூரும் மோதின. ஹிந்து இல்லை, முஸ்லிம் இல்லை, ஐரோப்பியர் இல்லை, 'மற்றவர்' இல்லை. இரண்டு ஊர்கள்.

சென்னைக்குத் தலைவர் ஸி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் கம்பெனி உத்தியோகஸ்தர். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். செங்கற்பட்டு ஜில்லாவில் மொரப்பாக்கத்துக்காரர். அதை எதிர்கொண்டவர் மைசூரின் கர்ட்டிஸ் என்பவர். இந்தியாவில் இன்றுவரை எத்தனையோ ஆயிரம் ஆட்டக்காரர்கள் ரஞ்ஜி கோப்பைக்காகப் பந்து வீசியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதல் பந்து மொரப்பாக்கத்துக் கை.

மைசூர் 48 ரன்னுக்குள் சுருண்டது. கிரிக்கெட் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 48 ரன் என்பது கல்யாணப் பந்தியில் ரசத்தோடு இலையை மடிப்பதைப்போல. சென்னை ஆடி 130 எடுத்தது. அதுவும் பெரிய சாப்பாடு அல்ல. ஆனால் போதுமானதாக இருந்தது. மைசூர் மறுபடி வந்து 59-இல் முடிந்தது. ஒரு இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசம். எல்லாம் ஒரே நாளில்! தோற்றவர் வெளியேற வேண்டியது என்பது அன்றைய விதி. ஆகவே மைசூருக்கு அந்த வருஷத்து சீசன் காலையில் பிறந்து மாலையில் மாண்டுபோயிற்று. ரயில் டிக்கெட் செலவுக்காவது கட்டியிருக்குமா என்று என் மனைவி கேட்டாள். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மைசூரின் இருபது விக்கெட்டுகளில் பதினொன்றை வீழ்த்தியவர் ஒரே ஆள். முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6. இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5. தலைப்பாகை கட்டிய சீக்கிய வாலிபர். பெயர் ஏ.ஜி. ராம்சிங். அவருக்கு அப்போது வயது இருபத்துமூன்று. இருபத்துநாலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. பெயரின் முதல் எழுத்து அமிருதசரஸைக் குறிக்கிறது. ஆனால் அவர் பிறந்தது சென்னையில். பம்பாயில் பிறந்து ஆடியிருந்தால் அவர் எந்த மதப் பெட்டியில் என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். சேப்பாக்கத்தில் அன்றைக்கு அந்தக் கேள்வி எழவில்லை. அவர் சென்னைக்காரர். பந்து வீசினார். பதினொரு பேர் போனார்கள்.

இங்கேதான் என் நண்பரின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் கிடைத்தது. சென்னையின் பெயரைத் தாங்கிய அந்த முதல் கோஷ்டியின் தலைவர் ஆங்கிலேயர். வெற்றி தேடித் தந்தவர் சீக்கியர். தொடங்கி வைத்தவர் செங்கற்பட்டுக்காரர். 'நம்மூரு டீம்' என்பது முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது.

மீதிப் பாதி இவ்வளவு சுகமாக இல்லை. ஊர் ஒருவனைத் தன் ஆள் என்று சொல்லிக்கொள்கிறது, சரி. பதிலுக்கு அவனுக்கு என்ன கொடுக்கிறது?

கோபாலன் கதையைப் பாருங்கள். அவர் திறமையைக் கண்டு வேலை வாங்கிக் கொடுத்தவர் மேற்படி ஜான்ஸ்டன்தான். பர்மா ஷெல்லில் உத்தியோகம். திருவல்லிக்கேணி கிளப்பில் ஆட்டம். சம்பளம் மண்ணெண்ணெய்க்கு, பந்து வீச்சு இனாம். அக்காலத்தில் நல்ல ஆட்டக்காரனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஜான்ஸ்டன் மனம் வைத்திராவிட்டால் இதுவும் கிடையாது. கோபாலன் ஹாக்கியிலும் சூரர். 1935-இல் தியான் சந்தின் தலைமையில் நியூஸிலாந்துக்குப் போய் ஆடிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் இரண்டு அழைப்புகள். ஹாக்கிக் கோஷ்டி பெர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்படுகிறது; கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்படுகிறது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் கிரிக்கெட் கோஷ்டிக்குத் தலைவர் யார் தெரியுமா? கோப்பையோடு வந்தாரே, அதே விஜயநகரத்தார். கோஷ்டிக்குள் கட்சிகளும் கசப்பும் தலைவிரித்தாடின. லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 1936 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பெர்லினில் ஹாக்கிக் கோஷ்டி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று அடித்துத் தங்கம் வென்றபோது, அவர் இங்கிலாந்தில் இருந்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டோடு அவருடைய டெஸ்ட் கணக்கு முடிந்தது. 2003-இல், தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த போட்டிக்கு அவர் பெயர் வைத்தார்கள். கோப்பைக்குப் பெயர் வைப்பதில் நாம் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

அதே பயணத்தில் புச்சிபாபுவின் மகன் கோட்டா ராமசாமியும் போயிருந்தார். டென்னிஸில் டேவிஸ் கோப்பை ஆடியவர். நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-ம் 60-ம் எடுத்தார். அடுத்ததில் 29-ம், அவுட் ஆகாமல் 41-ம். இரண்டே டெஸ்ட், அதற்குமேல் இல்லை. 1985 அக்டோபரில் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. கதை எழுதுகிறவன் இப்படி ஒரு முடிவை எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ராம்சிங்கிற்கு டெஸ்ட் கிடைக்கவே இல்லை. ஒன்றுகூட. ரஞ்ஜி கோப்பையில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் முதலில் சேர்த்த மனிதர். பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்து ஜீவனம் செய்தார். அது தொழில்தான், மரியாதையான தொழில். ஆனால் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவனை அந்நாளில் எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதற்கு இங்கிலாந்தின் ஆட்டப் பட்டியல்களே சாட்சி. கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும். கூலிக்கு ஆடுகிறவனுக்குப் பின்னால் வரும். மைதானத்துக்குள் நுழைகிற வாசல்கூட வேறு. 1962-இல்தான் இந்த வித்தியாசத்தை எடுத்தார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லரும் மாதச் சம்பள மானேஜரும் ஒரே வாசலில் நுழைகிற திருப்பூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கூலி, நிறம், ஊர் மூன்றும் ஒரே மனிதன் தலையில் வந்து விழுந்த கதை ஒன்று கடலுக்கு அப்பால் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். நம் கிட்டிப்புள்ளைக் கிரிக்கெட்டுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் பிறக்கக்கூடியது. அங்கே அது பக்காத் தொழில். ஏப்ரல் நடுவில் சீசன் ஆரம்பித்தால் இலையுதிர் காலம்வரை ஒரு கோஷ்டிக்கு அக்காலத்தில் 154 ஆட்டங்கள். ஒரே பகலில் மைசூருக்கு நேர்ந்த கதி அங்கே யாருக்கும் நேராது. கோஷ்டிகள் எல்லாம் ஊர்ப் பெயரில்தான். ஆனால் பெரிய கோஷ்டிகளில் கறுப்பர்களுக்கு அறுபது வருஷமாக இடமில்லை. சட்டம் என்று எங்கும் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். இந்த மாதிரி எழுதாத சட்டங்களில் நாமும் வல்லவர்கள்.

1947 ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை. நமக்குச் சுதந்திரம் கிடைக்கச் சரியாக நாலு மாதம். நியூயார்க்கில் புரூக்ளின் என்ற பகுதியின் கோஷ்டிக்காக ஜாக்கி ராபின்ஸன் என்ற கறுப்பர் களத்தில் இறங்கினார். அவரைக் கொண்டுவந்த முதலாளி பிராஞ்ச் ரிக்கி ஒரே ஒரு வாக்குறுதி வாங்கியிருந்தார்: யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சொந்தக் கோஷ்டிக்காரர்களிலேயே சிலர், சீசனுக்கு முன்பு, அவரோடு ஆடமாட்டோம் என்று மனு எழுத ஆரம்பித்தார்கள். மானேஜர் லியோ டுரோச்சர் நடுராத்திரியில் அவர்களை எழுப்பி உட்காரவைத்துத் திட்டி அதை அடக்கினார். வேடிக்கை என்னவென்றால், சீசன் தொடங்க ஆறு நாள் இருக்கும்போது அந்த டுரோச்சரையே வேறொரு விவகாரத்துக்காக வருஷம் முழுவதும் ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் ராபின்ஸன் மட்டையால் ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் ஓடி எடுத்த ஒரு ரன் வெற்றிக்கு உதவிற்று. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 22-ஆம் தேதி, பிலடெல்பியா கோஷ்டி புரூக்ளினுக்கு வந்தது. அதன் மானேஜர் பென் சாப்மன். அவரும் அவருடைய ஆட்களும் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ராபின்ஸனை ஏசிய ஏச்சை நான் தமிழில் எழுதப்போவதில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் ஏசினார்கள். ராபின்ஸன் வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்தவர் அவருடைய கோஷ்டியிலிருந்த எட்டி ஸ்டாங்கி. பதில் சொல்ல முடியாதவனை ஏசுகிறீர்களே, ஆண்பிள்ளைகளா நீங்கள் என்ற அர்த்தத்தில் அவர் எதிர்த்துக் கத்தினார். அந்தக் கணத்தில்தான் ராபின்ஸன் புரூக்ளின்காரர் ஆனார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது அல்ல.

மே மாதம் பிலடெல்பியாவுக்குப் போனார்கள். அங்கே ஒரு ஹோட்டல் கோஷ்டிக்கு அறை தர மறுத்தது. செயின்ட் லூயிஸ் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப் பார்த்தார்கள் என்று மே 9-ஆம் தேதிப் பத்திரிகையில் செய்தி வந்தது, வேலைநிறுத்தம் நடக்கவில்லை. நாலைந்து வாரந்தான். அதற்குள் ஒரு மனிதன் எவ்வளவு விழுங்கவேண்டியிருந்தது! ஆனால் அந்த வருஷம் முடிவில் சிறந்த புது ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குத்தான் கிடைத்தது. அவர் சட்டையில் இருந்த எண் 42. இப்போது அந்த எண்ணை எந்தக் கோஷ்டியும் யாருக்கும் நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஏப்ரல் 15 அன்று, எல்லா ஆட்டக்காரர்களும் 42 போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

சேப்பாக்கத்துக்குத் திரும்புவோம். பம்பாயின் மதப் போட்டி 1946-இல் நின்றது. வெள்ளையர், இந்தியர் பொங்கல் ஆட்டம் 1952-இல் ஓய்ந்தது. ஊர்ப் பெயரில் நடந்த போட்டி மட்டும் நிலைத்தது. 1935-36-இல் இறுதி ஆட்டம்வரை போய்ப் பம்பாயிடம் தோற்ற சென்னை, அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் காத்திருந்தது. 1954-55 சீசனில் பாலு அளகனன் தலைமையில் இந்தூருக்குப் போய், ஹோல்கரை அவர்கள் மண்ணிலேயே 46 ரன்னில் வென்று கோப்பையைக் கொண்டுவந்தது.

அந்த இறுதி ஆட்டத்தில் 75-ம் 91-ம் எடுத்து, ஏழு விக்கெட்டும் வீழ்த்தியவர் ஏ.ஜி. கிருபால் சிங். ராம்சிங்கின் மகன். முதல் சீசனின் முதல் நாளில் அப்பா ஆரம்பித்து வைத்ததைப் பிள்ளை போய் முடித்தார். அடுத்த சீசனில் ஹைதராபாத்தில் நியூஸிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் நூறு அடித்தார். தம்பி மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார். கிருபால், தாம் விரும்பிய பெண்ணை மணப்பதற்காகக் கிறிஸ்தவரானார். பம்பாய்ப் போட்டி நடந்துகொண்டிருந்தால், கல்யாணத்துக்கு மறுநாள் அவர் கோஷ்டி மாறி 'மற்றவர்' ஆகியிருக்க வேண்டும்! நல்ல வேளையாக அவர் ஆடியது சென்னைக்கு. தேவாலயத்துக்குப் போனாலும் குருத்வாராவுக்குப் போனாலும் சென்னைக்காரர் சென்னைக்காரர்தான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி திருப்பூர் போக நேர்ந்தது. நண்பருடைய கம்பெனியில் அன்று விளையாட்டுச் சட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. பிரிண்டிங் பட்டறையிலிருந்து எண் அடித்து வந்த துணிகள் மேஜைமேல் அடுக்கியிருந்தன. எந்த நாட்டுக்கு, எந்த ஆட்டத்துக்கு என்று நண்பருக்கே தெரியாது. அளவும் எண்ணிக்கையும்தான் அவருக்கு வரும். நான் 42 இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தேன். அகப்படவில்லை.

மேலே எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். நூல் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டார். பல்வங்கர் பாலுவின் மண்குவளைக்கு மட்டும் ஒரு தடவை கத்திரியை நிறுத்தினார். கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டை டம்ளர் பார்த்து வளர்ந்தவர் அவர்.

"அந்த ராம்சிங்கு கடைசிவரைக்கும் டெஸ்ட் ஆடவே இல்லீங்களா?" என்றார்.

"இல்லை."

"பதினொரு விக்கெட்டு எடுத்தும்?"

"ஆமாம்."

"பசங்க ஆடினாங்க."

"இரண்டு பேர் ஆடினார்கள்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அயர்ன் டேபிளில் அதே பீஹார்ப் பையன் நின்றுகொண்டிருந்தான். இந்த முறை அட்டைப் பெட்டிமேல் கைப்பேசி இல்லை, சீசன் முடிந்துவிட்டதல்லவா? அவனுக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றும், தை மாதத்துக்குப் பிறகு குடும்பத்தை இங்கேயே கூட்டிவரப் போகிறான் என்றும், வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் நண்பர் சொன்னார். வடக்கத்திக்காரர்களுக்கு வீடு கொடுக்கச் சிலர் யோசிக்கிறார்களாம்.

"நானே ஒரு எடம் பார்த்து வெச்சிருக்கறனுங்க. வீட்டுக்காரர் கேட்டா நம்ம கம்பெனி ஆளுன்னு சொல்லிக்கலாம்" என்றவர், பையன் பக்கம் திரும்பி, "ஏப்பா, டீ சொன்னியா? சாருக்குச் சர்க்கரை கம்மி" என்றார்.